கருவாட்டு வாசம்

சந்தையில் குண்டு வெடித்துப் பதினோரு பேர் செத்த அன்று, குண்டு வைத்தவனின் சட்டையைச் சோதனைச்சாவடி நாய்க்கு மோந்து பார்க்கக் கொடுத்தார்கள். சட்டையில் கருவாட்டு வாசம். அன்றிலிருந்து அந்த வாசத்தோடு பேருந்தில் யார் வந்தாலும் நாய் குரைத்தது. சிப்பாய்கள் அவர்களை இறக்கிக் கொண்டுபோனார்கள். கரையோரத்துச் சனமோ கருவாடு காயவைத்தே பிழைப்பவர்கள். அவர்கள் பேசுகிற பாஷையும் சிப்பாய்களுடைய பாஷை இல்லை.

தினமும் நாய்க்கு ஒரு துண்டு கருவாடு கவ்வி வரும் கரையோரத்துப் பூனை கேட்டது: "அண்ணே, வெடி வச்சவன் ஒருத்தன். நீ எங்க எல்லாரையும் பார்த்துக் குரைக்கிறியே?"

"நான் என்ன பண்ண, தங்கச்சி? என் மூக்குக்கு வாசம்தான் தெரியும். ஆள் தெரியாது."

"இத்தனை நாள் தின்னியே, அது யார் வீட்டு வாசம்?"

நாய் திரும்பிப் படுத்துக்கொண்டது.

பிடிபட்டவர்கள் போக மிச்சப் பேரும் பயந்து மூட்டை கட்ட, ஒரே மாதத்தில் கரை காலியானது. கடைசி லாரியில் பூனையும் போனது. அதைப் பார்த்தும் நாய் குரைத்துத் தொலைத்தது.

சாயங்காலம் படுக்கிற சாக்கை இழுத்தால், அடியில் ஒரு துண்டு கருவாடு. போகிற அவசரத்திலும் பூனை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

நாய் அதைத் தின்னாமல் சாக்குக்கு அடியிலேயே தள்ளி வைத்தது. மறுநாள் பேருந்து வந்து நின்றபோது, குரைக்கவே கூடாதென்று வாயை இறுக மூடிக்கொண்டது.

பேருந்தில் அந்த வாசத்தோடு வர யாரும் மிச்சமில்லை.