கிளி செட்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பெட்டி மேல் உட்கார்ந்து எப்சி அழுத அழுகையைப் பார்த்து, யாரோ நெருங்கிய சொந்தம் போய்விட்டது என்றே பால்கோவாக் கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். “எத்தன மணிக்கு எடுக்காக, தாயி?” என்று பக்குவமாக விசாரித்து, ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார்.

யாரும் போகவில்லை. கிளி செட்டில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆனால் பதினெட்டு வயதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அப்பா சத்தியநேசனுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை. விடுதிக்குக் கிளம்பும்போது அவர் பெட்டியில் வைத்துவிட்ட முழு ரோலும் கண் துடைத்தே தீர்ந்துபோயிருந்தது. கையில் மிச்சமிருந்த முழத் துணியைப் பிழிந்திருந்தால், கடைக்காரர் தண்ணீருக்கு அலைந்திருக்கவே வேண்டாம்.

மதுரை ரோட்டுக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில் கிளி செட் என்றால் தனி மரியாதை. எல்லாருக்கும் கிளிப்பச்சைத் துப்பட்டா, மெஸ்ஸில் ஒரே மேசை. ஒருத்தி தும்மினால் பத்துப் பேர் ரசத்தோடு ஓடி வருவார்கள். தும்மாதவளுக்கும் ஊற்றிவிட்டுத்தான் போவார்கள்.

எப்சி ஒற்றைப் பிள்ளை. வீட்டில் சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் வளர்ந்தவள். கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, விடுதியில்தான் தங்குவேன் என்று அடம்பிடித்து வந்ததே இந்த அக்கா தங்கைக் கூட்டத்துக்காகத்தான்.

டவுன் பஸ் நிற்கும் முன்பே ஒரு பச்சைத் துப்பட்டா குதித்து ஓடிவந்தது. அறைத்தோழி வெங்கடேஸ்வரி. சுந்தரபாண்டியத்துக்காரி. சதுர்த்தி லீவு முடிந்து அவள் தூக்குவாளியில் கொண்டுவந்த கொழுக்கட்டையில் பாதியை எப்சிதான் தின்று தீர்த்தாள். சேர்ந்த நாளிலிருந்து அவர்களுக்குள் பிரித்துத் தின்னாத பண்டம் கிடையாது.

“ஏட்டி, சொல்லாமக் கொள்ளாம எங்க கெளம்பிட்ட?”

“ராஜபாளையத்துக்கு. காலேஜும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அப்பா கம்பெனியில பேண்டேஜ் சுத்தப் போறேன்.”

“நீ சுத்துனத கட்டுனா புண்ணு ஆறுனாப்லதான். பூரா மூக்குச் சளியால்ல இருக்கும்!”

எப்சிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் நேற்று சாயங்காலம் ஞாபகம் வந்து, அழுகை முன்னைவிட மோசமாக வந்தது.

நேற்று இரண்டு பேரையும்தான் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் வெங்கடேஸ்வரியின் பேரைச் சொல்லி, துப்பட்டா போர்த்தி, உள்ளே தங்களோடு உட்கார வைத்துக்கொண்டார்கள். அடுத்தது எப்சி. வெளியே படியில் காத்திருந்தவளிடம், செட்டுத் தலைவி ஜெயசித்ரா தனியாக வந்து உதட்டைப் பிதுக்கினாள்.

“எதுக்குடி உன்னைய வேண்டாம்னாவ?” என்று வெங்கடேஸ்வரி கேட்டாள். “உள்ள ஒருத்தியும் வாயத் தொறந்து எதுவும் சொல்லலையே. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல.”

“வாயால சொல்லக் கூடாதாம்ல. தட்டுல இருந்து எடுத்து, கைய மூடிக்கிட்டுச் செம்புல போடணுமாம். வேணும்னா புளியங்கொட்டை. வேண்டாம்னா குன்றிமணி. ஒரே ஒரு குன்றிமணி விழுந்தாலும் அம்புட்டுத்தானாம். ஜெயசித்ரா அக்கா சொன்னாவ, எனக்கு ஒண்ணே ஒண்ணு விழுந்துச்சாம்.”

ராஜபாளையம் பஸ் வந்து நின்று, கண்டக்டர் ஊர்ப் பேரை ஏலம் போட ஆரம்பித்தார்.

“எல்லாருமே வேண்டாம்னு சொல்லியிருந்தாக்கூட போகட்டும்னு விட்டிருப்பேன்டி,” என்றாள் எப்சி. “யாரோ ஒருத்தி. அவளுக்கு நான் என்ன செஞ்சேன்? மெஸ்ஸுல எவ என்னையப் பாத்துச் சிரிச்சாலும், இவதானோ, இவதானோன்னு நாலு வருசம் எப்படி அங்க சோறு திம்பேன்?”

அவள் எழுந்து பெட்டியைத் தூக்கினாள். பெட்டி வரவில்லை. அந்தப் பக்கத்துக் கைப்பிடியை வெங்கடேஸ்வரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். முகம் வெளுத்து, கிளிப்பச்சைத் துப்பட்டா மேல் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“பாப்பா, ஏறுதியா, இல்ல பெட்டி மட்டும் வருதா?” என்றார் கண்டக்டர்.

எப்சி தோழியின் முகத்தையே பார்த்தாள். தனக்காக இப்படி அழ இந்த உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள்.

“நீங்க போங்கண்ணே,” என்றாள். பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போனது.

“அழாதட்டி. நான் போகல. எவளோ ஒருத்திக்கு என்னையப் பிடிக்கலைன்னா பிடிக்காம கெடக்கட்டும். அந்தக் கூட்டத்துக்குள்ள நீ ஒருத்தி எனக்குன்னு நல்லதத்தான போட்டிருப்ப? எனக்கு அது போதும். எந்திரி, மதுரை பஸ் நிக்குது.”

பேண்டேஜ் துணியில் மிச்சமிருந்த காய்ந்த நுனியால் தோழியின் கண்ணைத் துடைத்துவிட்டாள். வெங்கடேஸ்வரி எழுந்திருக்கவில்லை. கைப்பிடியையும் விடவில்லை.

“எது எதுக்குன்னு எனக்கு ஒருத்தியும் சொல்லல. புள்ளையாருக்குக் கண்ணு வைக்கிறதாச்சேன்னு, குன்றிமணிய நாந்தான்டி போட்டேன்.”