இரவல் அத்தை

மனைவி இறந்தபின் தடுமாறிய சவரிமுத்துவுக்கும் ஏழு வயது மகள் பிளெஸ்ஸிக்கும் குடும்ப உதவி மையம் ஓர் இயந்திர அத்தையை இரவல் தந்திருந்தது. வீடு தேறிவிட்டால் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் சோதனைக்கு அதிகாரியம்மா வந்த அன்று அப்பனும் மகளும் சொல்லிவைத்துச் சண்டை பிடித்தார்கள்.

“நீங்கள்லாம் ஒரு அப்பாவா?”

“வாய மூடு, மூதி!” என்று அலறிக்கொண்டே சவரிமுத்து, பழக்கதோஷத்தில், சாளை மீனின் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை மகள் தட்டில் வைத்தார்.

அதிகாரியம்மா பார்த்துவிட்டார். “வீடு தேறிடுச்சு. அத்தை, கிளம்புங்க.”

சவரிமுத்து அவசரமாக அந்த மீனைத் தன் தட்டுக்கே திரும்ப எடுத்தார். அத்தையோ அசையவில்லை.

“எப்படிக் கிளம்ப, மேடம்? என் சக்கரத்தைக் கழற்றி ஒளிச்சாச்சே.”

“யார் பார்த்த வேலை அது?”

அத்தைக்குப் பொய் சொல்ல வராது. தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

“நான்தான்.”