படையலில் ஒரு தொப்பி

இறந்தவர்களின் நாள், மத்தியானம். கடற்கரை மதுக்கடையின் மூலையில் கடைக்காரி எலோதியா, இறந்துபோனவர்களுக்கான படையல் மேசைமேல் செண்டுமல்லி இதழ்களைத் தூவுகிறாள். குளிருக்குப் பயந்து இங்கே வரும் கனடாக்காரர்கள் ஏப்ரலில் ஊர் திரும்பும்போது தங்கள் ஓலைத் தொப்பியைக் கடைச் சுவரில் மாட்டிவிட்டுப் போவார்கள். அக்டோபரில் வந்ததும் முதல் வேலையாக எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். இந்த வருடம் இரண்டு தொப்பிகள் ஆணியிலேயே தங்கிவிட்டன: கோர்டனுடையது, அவர் மனைவி மார்லீனுடையது. கோர்டனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனது எல்லோருக்கும் தெரியும். போனையும் யாரும் எடுக்கவில்லை. ஆள் போய்ச்சேர்ந்துவிட்டார் என்று கடையே முடிவுகட்டிவிட்டது. அவர் தொப்பி இப்போது பொரித்த இறாலுக்கும் அவருக்குப் பிடித்த பீருக்கும் நடுவில் இருக்கிறது. மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு எலோதியா நிமிர்கிறாள். வாசல் வெயிலில் வெறுந்தலையோடு கோர்டன் நிற்கிறார். “ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க, நாங்க என்னமோ...” என்று இழுக்கிறாள். தீக்குச்சி அவள் விரலைச் சுடுகிறது.

“எனக்கா படையல்? இறாலாவது சூடா இருக்கா?” என்கிறார் கோர்டன். யாரோ சிரிக்கிறார்கள். எலோதியாவின் கண்கள் அவருக்குப் பின்னால் மார்லீனைத் தேடுகின்றன. வாசலில் யாரும் இல்லை. கோர்டன் தன் தொப்பியை எடுத்து, இதழ்களை உதறித் தலையில் வைத்துக்கொள்கிறார். சுவரிலிருந்து மார்லீனின் நீல ரிப்பன் தொப்பியைக் கழற்றி வந்து அதே இடத்தில் வைத்து, ரிப்பனை நீவிவிடுகிறார். “ஜூன் மாசம். எனக்கு முன்னாடி அவ போயிட்டா.”

எலோதியா படையலிலிருந்து பீரை எடுத்து அவர் கையில் கொடுக்கிறாள். “அம்மாதான் இதைத் தொடவே மாட்டாங்களே,” என்றபடி எலுமிச்சையை நறுக்கி, மார்லீனுக்குப் பிடித்தபடி சர்க்கரை போடாமல் ஒரு தம்ளரில் பிழிகிறாள்.