ஐந்தாம் தொட்டிலின் ரிசல்ட்

வார்டில் அன்று நான்கே குழந்தைகள். நான்குக்கும் மஞ்சள் காமாலை. நர்ஸ் ஒவ்வொன்றின் நெஞ்சிலும் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரியும். மறுகணம் ரத்தம் ஓடிவந்து சிவக்கும். அப்புறம் குதிகாலில் குத்தி, நான்கு ட்யூபில் ரத்தம் எடுத்து அனுப்பினாள்.

லேபிலிருந்து ஐந்து ரிசல்ட் வந்தது. ஐந்தாம் தொட்டில், காமாலை அளவு பதினெட்டு.

லேபுக்குப் போன் போட்டாள். "அண்ணே, அஞ்சாவது தொட்டில்ல குழந்தையே இல்லையே!"

"அஞ்சு ட்யூப் வந்துச்சும்மா. எழுத்து உங்களோடதுதான்."

நான்குவரை எண்ணத் தெரியாதவளா அவள்? மறுநாள் இரண்டு தடவை எண்ணி அனுப்பினாள். ஐந்தாம் தொட்டில், இருபத்திரண்டு.

இன்னும் ஏறினால் மூளையைத் தாக்கிவிடும். டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார். பேசாமல் காலித் தொட்டிலுக்கு மேலே, காமாலையை இறக்கும் நீல விளக்கைப் போட்டாள்.

"யாருக்கு சிஸ்டர் அந்த லைட்டு?" என்றாள் பக்கத்துத் தொட்டில்காரி.

"எரியுதான்னு பாக்குறேன்மா."

மூன்றாம் நாள் பதினேழு. நான்காம் நாள் பன்னிரண்டு. ஐந்தாம் நாள் ஏழு.

போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது அவளுக்கு. விளக்கை அணைத்தாள். பழக்க தோஷத்தில் கை தொட்டிலுக்குள் போய், வெள்ளை விரிப்பின் நடுவே கட்டைவிரலை அழுத்தி எடுத்தது.

அங்கே துளி மஞ்சள்கூட இல்லை. வெளுத்துக் கிடந்த அந்த இடம் மெல்லச் சிவந்தது.