பழசு இந்தப் பக்கம்

இங்கிலாந்துல ஒரு கிராமம். அங்க கால்வாய்க்கரையில ஒரு போர்டு, 'எண்ணூறு வருஷப் பழசு, இந்தப் பக்கம்'னு அம்புக்குறி போட்டு, இடிஞ்ச சர்ச் ஒண்ணைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு. ஒரு நாள் அடிச்ச காத்துல அது திரும்பி, மாட்டுக்கொட்டாயைக் காட்ட ஆரம்பிச்சிருச்சு.

அவ்ளோதான், கொட்டாய் பூரா டூரிஸ்ட்டு. ஒருத்தர் தண்ணித் தொட்டியைத் தடவி, "இதுலதான் ராஜா குளிச்சிருப்பாரு"ன்னாரு. சாணியை மிதிச்ச அம்மா மூக்கைக்கூடப் பொத்தல. "அந்தக் காலத்து வாசனை"ன்னு இழுத்து மூச்சு விட்டாங்க.

மேபல்ங்கற நிறைசினைப் பசு வெளிய மழையில நின்னுச்சு. உள்ள போகத்தான் வழியில்ல.

"யோவ் போர்டு, திரும்பித் தொலைய்யா. வலி எடுத்துருச்சு, நான் எங்க போய் கன்னு போடுறது?"

"ஏம்மா, நான் கை காட்டுறதுதான் சரித்திரம். இப்பதான் உன் கொட்டாய்க்கு ஒரு மரியாதை வந்திருக்கு. உள்ள போய் கெடுக்காத."

"அங்க கிடக்கறது என் சாணிய்யா!"

"போன வாரம் வரைக்கும் சாணி. இப்ப பொக்கிஷம்."

மேபல் திரும்பி நின்னுச்சு. கம்பத்துல பின்பக்கத்தை வெச்சு ஒரே தள்ளு. போர்டு கிறீச்சுன்னு திரும்பி, கால்வாயைக் காட்டுச்சு. சத்தம் கேட்டு வெளிய வந்தவங்க போர்டைப் படிச்சாங்க, மறுபேச்சு பேசாம கரைக்கு நடந்தாங்க.

மேபல் உள்ள போய் கன்னு போட்டு நக்கிக்கிட்டு இருந்தப்போ, கரையில ஒருத்தர் தொப்பியைக் கழட்டிட்டுச் சொன்னாரு:

"அந்தக் காலத்துத் தண்ணிங்க. ஒரு சொட்டு மாத்தாம வெச்சிருக்காங்க, பாருங்க!"