பதினோராயிரம் பேருக்கு ஒரே முகவரி

யார் எழுதியது என்று சொல்ல மாட்டேன் என்று உறுதி கொடுத்துவிட்டுத்தான் மேடம் அந்தத் தாளைக் கையில் எடுத்தார்.

முதல் வரியிலேயே அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய கட்டுரை.

அந்த வகுப்பில் எல்லோருக்கும் அவர் அத்தான்தான். கூடப் படிக்கிற மச்சினன் அப்படிக் கூப்பிடப்போய், வகுப்பே பிடித்துக்கொண்டது. பெண்கள் மட்டும் மரியாதைக்கு ‘சார்’ போட்டுக்கொள்வார்கள்.

வாரத்தில் ஐந்து நாள் வேலை, சனிக்கிழமை முழுக்க கணினிப் பட்டப்படிப்பு. வேலையில் கற்றுக்கொள்வதற்கும் மதிப்பெண் உண்டு என்றதால்தான் இந்த முப்பத்தெட்டு வயதில் துணிந்து சேர்ந்தார். ‘பணியிடத்தில் நீங்கள் செய்த ஒரு தவறும், அதில் கற்றதும்’ என்பது இந்த முறை தலைப்பு. மேடத்தைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள் என்று மனுஷன் எழுதித் தொலைத்துவிட்டார்.

மேடம் ராகம் போடாமல் நிதானமாக வாசித்தார். ஒரு பார்சல் நிறுவனம். வாடிக்கையாளர் ஒருவர், பல் மருத்துவர், வீடு மாறுகிறார். கணினியில் அவர் முகவரியை மாற்ற வேண்டும். கட்டளை கொடுத்த ஆள், யாருக்கு மட்டும் மாற்ற வேண்டும் என்கிற அந்த ஒரு வரியைச் சேர்க்க மறந்துவிட்டார். ஒரே தட்டு. பதினோராயிரம் வாடிக்கையாளர்களும் குடும்பத்தோடு பல் மருத்துவர் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள்.

வகுப்பே சிரித்தது. அந்த வரியை ஒரு தடவையாவது மறக்காதவர் அங்கே யார்? மறுநாள் காலை மருத்துவர் வாசலில் ஏழு வண்டிகள் வரிசை கட்டி நின்ற இடம் வந்ததும், பின்னால் ஒருவன் மேசையையே தட்டினான்.

அத்தான் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மச்சினனும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டான்.

மனைவியின் ஒரே தம்பி. அந்த பார்சல் அலுவலகத்தில் அவனைச் சேர்த்துவிட்டதே அத்தான்தான். அன்றைக்கு அவன் பிரிண்டருக்குத் தாள் எடுக்கப் போனபோது தன் கணினியைப் பூட்டாமல் போயிருந்தான். அவசரத்துக்கு அவன் நாற்காலியில் உட்கார்ந்து தட்டியவர் இவர். யார் செய்தது என்று கணினி வைத்துக்கொள்கிற பதிவில் விழுந்தது அவன் பெயர்.

மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார். நான் செய்யவே இல்லை சார் என்று பையன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். தப்பைக்கூட மன்னிக்கலாம், பொய்யை மன்னிக்க முடியாது என்று அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அத்தான் அங்கேயேதான் நின்றார். நின்று பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்குச் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று பதினான்கு மாதம் ஓடிவிட்டது. வேலை போனதோடு, வேலைக்கான மதிப்பெண்ணும் அவனுக்குப் போயிற்று. இப்போது செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருந்துகொண்டு, முடித்த வருடத்தையே மறுபடி படிக்கிறான்.

உட்கார்ந்தது இன்னொருவன் நாற்காலியில் என்பதைக் கட்டுரையில் அத்தான் எழுதவில்லை. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. கடைசிப் பத்தியைத் தவிர.

மேடம் கடைசிப் பத்திக்கு வந்துவிட்டார். ‘அந்த நிமிடமே மேலாளரிடம் போய், இது என் கையால் நடந்த தவறு என்று ஒப்புக்கொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. உட்கார்ந்து சரிசெய்வோம் என்றார்.’

இப்படி நடந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தில் எழுதிய பத்தி அது. எழுதும்போது கண்கூட கலங்கியது. இப்போது இன்னொருவர் வாயால் கேட்கும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். இந்த நேர்மைக்குத்தான் முதல் மதிப்பெண் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த அலுவலகத்தை அறிந்தவர்கள் வகுப்பில் இரண்டே பேர். ஒருவன் எழுதவில்லை. அப்படியென்றால் எழுதியவர் யார் என்று அவனுக்குத் தெரியாமலா போகும்? சட்டையைப் பிடிக்கட்டும், எல்லோர் முன்னாலும் காறித் துப்பட்டும். துப்பிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது அத்தானுக்கு.

மச்சினன் நாற்காலியோடு நெருங்கி வந்தான்.

“என் கதையைத்தானே எழுதியிருக்கீங்க அத்தான்? பரவால்ல விடுங்க, மார்க் வந்துச்சுல்ல.”

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அதைத் தட்டுன ஞாபகமே எனக்கு இன்னைக்கு வரைக்கும் இல்ல. ஆனா தட்டாம என் பேரு எப்படி வரும்? நீங்க எழுதுன மாதிரி அன்னைக்கே நானும் ஒத்துக்கிட்டிருந்தா, அக்காவுக்கு இவ்வளவு தலைகுனிவு வந்திருக்காது.”

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அத்தான் அவன் முகத்தைப் பார்த்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். பதினான்கு மாதமாக ஒத்திகை பார்த்த வாக்கியம். வாயைத் திறந்தார்.

“மன்னிச்சுக்கடா,” என்றார். “உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதியிருக்கணும்.”