நெதர் பொக்ஸ்லி ஆக்கள்

"மகேசு, அவையின்ர சுடலையைப் பாத்தனியோ?"

கனடாவில், டோர்செட் பார்க்கில், பதினோராவது மாடியிலிருந்து தில்லையம்பலம் ரெலிபோனில் கத்தினார். மறுமுனையில் இருந்தவர் லண்டனில் வசிக்கும் அவருடைய சித்தப்பா மகன் மகேஸ்வரன்.

"பாத்தனான் அண்ணை. கோயிலோட ஒட்டின சுடலை. எட்டுத் தலைமுறையும் அதுக்குள்ளதான். கல்லெல்லாம் பாசி பிடிச்சுப் போச்சு. முழங்காலில நிண்டு தேய்ச்சுத் தேய்ச்சு வாசிச்சனான்."

தில்லையம்பலத்தின் முகம் மலர்ந்தது.

அவருடைய மகள் சிவானி, மிசிசாகாவில் தன்னோடு வேலை செய்யும் டேவிட் கார்ட்ரைட்டைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "வெள்ளைக்காரரை எப்பிடியப்பா விசாரிக்கிறது?" என்று மனைவி குணவதி கேட்டபோது, "ஏன், அங்கயும் ஊர் இருக்குத்தானே?" என்றார் தில்லையம்பலம். மகளிடம் டேவிட்டின் ஊர்ப் பெயரை வாங்கி, மகேஸ்வரனை அங்கே அனுப்பிவைத்தார். இங்கிலாந்தின் ஒரு மூலையில் நெதர் பொக்ஸ்லி. ஒரு தேவாலயம், ஒரு பியர்த் தவறணை, மிச்சமெல்லாம் ஆடு.

"ஆக்கள் எப்பிடி?"

"தோட்டக்காரர். சொந்தக் காணி. அப்பப்பா கோயில் மணி அடிச்சவராம்."

"குடி?"

"எல்லாரும் குடிக்கினம் அண்ணை. ஆனா ஒருத்தரும் விழுறேல்லை."

"விசர் கிசர்?"

"முப்பாட்டனாரின்ர காலத்தில ஒராள் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, இதுக்கு ஞானஸ்நானம் குடுங்கோ எண்டு நிண்டவராம். பிறகு ஒண்டுமில்லை."

"அது பழைய கதை. விடு. வழக்கு வம்பு?"

"பக்கத்துக் காணிக்காரனோட வேலிச் சண்டை. மூண்டு தலைமுறையாக் கோர்ட்டில கிடந்ததாம்."

"வேலிச் சண்டையோ!" தில்லையம்பலத்தின் குரல் தழுதழுத்தது. "குணவதி, கேட்டனியே? எங்கட ஆக்களைப் போலதான்!"

"பெடியனைத் தங்கமெண்டினம் அண்ணை. ஆனா ஒரு புதினம். என்னைக் கண்டவுடன பாதிரியார் ஓடிவந்து கையைப் பிடிச்சவர், விடுறாரில்லை. ஊர்ச்சனம் கேக், தேத்தண்ணி எண்டு தாங்குதாங்கெண்டு தாங்கினது. ஒரு கிழவி என்ர கன்னத்தைத் தடவி அழுதுபோட்டா."

"பாவங்கள், கறுத்த ஆக்களைக் கண்டிருக்காதுகள். சரி வை, ரெலிபோன் கார்ட் முடியப்போகுது."

குணவதிக்கு இன்னும் தெளியவில்லை. "சொந்தக்காரருக்கு என்னப்பா சொல்லுறது?"

"எட்டுத் தலைமுறையா ஒரே ஊர், ஒரே சுடலை எண்டு சொல்லு. எங்கட சனத்தில ஆருக்கப்பா அப்பிடிக் கல்லில எழுதிக் கிடக்கு?"

சிவானி அறை வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, எனக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லு."

"பிறகு மாற மாட்டியளே, அப்பா?"

"பிள்ளையார் மேல சத்தியம்."

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. கழுத்தில் ரை கட்டி, வெள்ளைக்காரனை வரவேற்க நாலு வசனம் பாடமாக்கி வைத்திருந்த தில்லையம்பலம் கதவைத் திறந்தார். பூங்கொத்தோடு ஒரு கறுத்த, சுருட்டை முடிப் பெடியன் நின்றான்.

"வாரும் தம்பி. டேவிட் காரை நிப்பாட்டிப்போட்டு வாறாரோ?"

பெடியன் விளங்காமல் விழித்தான். "ஐ ஆம் டேவிட், அங்கிள்" என்றான், நெதர் பொக்ஸ்லி இங்கிலீஷில்.

தில்லையம்பலத்துக்குப் பாடமாக்கிய நாலு வசனமும் மறந்துபோயின. சிவானி ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"அப்பா, கார்ட்ரைட் ஆக்கள் இவரைக் கைக்குழந்தையாத் தத்தெடுத்தவை. எங்கட நாட்டில, பருத்தித்துறையில. பெத்த தாய் தகப்பன் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. முதலே சொல்லியிருந்தா நீங்கள் என்ன கேப்பியளெண்டு எனக்குத் தெரியும். இப்ப சத்தியம் பண்ணிட்டியள்."

தில்லையம்பலம் மகளைப் பார்த்தார். பூங்கொத்தை வாங்கிக் குணவதியிடம் கொடுத்தார். பெடியனின் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப்போய், கதிரையில் இருத்தி, தானும் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

"பருத்தித்துறையில எந்தப் பக்கம், தம்பி?"